கறுப்புத் தாள் சுத்தின போத்தல்

2024 நவம்பர் 10, ஞாயிறு, காலை 6.40. ஏழாவது தடவை.

டொக்டர் யூஜினா அவர்களுக்கு,

மேல உள்ளது நான் இத எழுதுற தேதி, நேரம், பிறகு என் தங்கச்சி ஜெயந்தினிய உங்க வார்ட்ல சேர்த்த கணக்கு. ரெண்டரை வருஷத்துல ஏழு தடவை. என் நம்பர நீங்க தடை பண்ணிட்டீங்க. நேத்து வார்ட்ல சத்தம் போட்டதுக்கு காவலாளிய விட்டு வெளியவும் அனுப்பிட்டீங்க. அதனால இந்தத் தாள அம்மா சோத்துப் பெட்டியோட கொண்டு வருவாங்க. சோறு அம்மாவுக்கு. தங்கச்சிக்குத்தான் வாயால ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு கட்டில்ல எழுதித் தொங்கவிட்டிருக்கீங்களே.

நான் கண்டியில தனியார் ஆய்வுகூடத்துல வேலை செய்யிறவன். டொக்டர் இல்ல, தெரியும். நம்ம தேயிலைத் தோட்டத்துல, கீழ் டிவிஷன் லய வீட்டுல இருந்து டொக்டரான முத ஆளு நீங்க. அந்த மரியாதை இருக்கு. ஆனா விஷயத்துக்கு வாறேன்.

வயித்து வலி, வாந்தி, நாடி நிமிஷத்துக்கு நூத்தி இருபது. ஸ்கேன் சுத்தம். போன வருஷம் குடல்வால வெட்டி எடுத்தீங்க, அதுவும் சுத்தம். அஞ்சாவது தடவை ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டுல ‘மனப் பதற்றம்’னு எழுதி வீட்டுக்கு அனுப்பிட்டீங்க. அந்தத் துண்டோட அவ வேலைக்குப் போனா, காலைப் பெரட்டுல எல்லாரும் வரிசையா நிக்கிறப்ப மேற்பார்வை பாக்கிற கண்டாக்கு ஐயா அவள வேலக்கள்ளின்னு சொன்னாரு. சிரிச்சவங்கள்ல அவளோட கொழுந்து எடுக்கிறவங்களும் உண்டு.

இந்தத் தடவை கால்ல பலமில்ல. நேத்து கட்டில்ல இருந்து எறங்குறப்ப முழங்கால் மடிஞ்சிருச்சு. மனப் பதற்றத்துக்கு முழங்கால் மடியாது.

இது போர்பிரியாவா இருக்கலாம். இரத்தத்துக்கு வேண்டிய சிவப்புப் பொருள ஈரல் செய்யிற வழியில ஒரு இடத்துல அடைப்பு. அடைபட்ட சரக்கு சேர்ந்து நரம்பத் தாக்குது. வலி தெரியிறது வயித்துல, வியாதி நரம்புல. அதனாலதான் வயித்த எத்தனை தடவை பாத்தாலும் ஒண்ணும் ஆம்பிடல. அந்தச் சரக்கு சிறுநீர்ல வரும், பி.பி.ஜி.ன்னு சொல்றது. வலி இருக்கிற நாள்லயே எடுக்கணும். வலி போன பிறகு எடுத்து ஒரு பிரயோசனமும் இல்ல.

இன்னைக்கே எடுத்துக் குடுங்க. பரிசோதனைய நான் செய்யிறேன்.

நிரஞ்சன்


2024 நவம்பர் 11

தம்பி நிரஞ்சன்,

கடிதம் கிடைத்தது. கறிக்குழம்பு பட்ட இடத்தைத் தவிர மற்றதை வாசிக்க முடிந்தது.

உங்களை வெளியே அனுப்பியது சத்தத்துக்காக இல்லை. நாற்பது நோயாளிகள் முன்னால் நர்ஸ் மிஸ்ஸியை மாடு மேய்க்கப் போகச் சொன்னீர்கள். மாற்று ஆள் வராததால் முதல் நாள் இரவிலிருந்து நின்றுகொண்டிருந்தவர் அவர். போனில் எழுதும்போதும் உங்களுக்கு அப்படித்தான் வருகிறது. தாளில் எழுதும்போது கொஞ்சம் யோசிக்கிறீர்கள். ஆகவே தாளிலேயே எழுதுங்கள், நம்பரைத் திறக்க மாட்டேன்.

வியாதியின் பெயரோடு வருகிற முதல் அண்ணன் நீங்கள் இல்லை. வாரத்துக்கு ஒருவராவது போனில் தேடி ஒரு பெயர் கொண்டு வருகிறார். நூறில் தொண்ணூற்றொன்பது தவறு. போர்பிரியாவுக்கு எங்கள் பீடத்தில் ஒரு விரிவுரையில் கால் மணி நேரம் ஒதுக்கினார்கள். பரீட்சைக்குப் பாடமாக்கினேன், புள்ளி வாங்கினேன். கண்ணால் பார்த்ததில்லை. என்னோடு படித்தவர்களும் பார்த்ததில்லை.

ஆனாலும் முழங்கால் விஷயம் எனக்கும் பிடிக்கவில்லை. அவளுடைய இரத்தத்தில் உப்பும் குறைந்திருக்கிறது. இங்கே அந்தப் பரிசோதனை இல்லை. வெளியே அனுப்பப் பெரிய டொக்டரின் கையெழுத்து வேண்டும், அவர் புதன்கிழமைதான் வருவார். அதனால் இன்று காலை எடுத்த சிறுநீரை உங்கள் அம்மாவிடமே கொடுத்துவிட்டேன். பஸ்ஸில் கொடுத்து அனுப்புவதாகச் சொன்னார். இதை நான் செய்ததாக எங்கும் எழுத வேண்டாம்.

சேலைன் ஏறுகிறது. வாந்தி நிற்கும்வரை வாயால் ஒன்றும் இல்லை.

யூஜினா


2024 நவம்பர் 13

டொக்டர்,

போத்தல் வந்துச்சு. கெட்டுப் போய் வந்துச்சு. நடந்தத வரிசையா எழுதுறேன்.

அம்மா அத பஸ் ட்ரைவர் அழகுமுத்து அண்ணன்கிட்ட குடுத்து, புள்ளையோட உசிரு இதுலதான் இருக்கு, பத்திரம்னு சொல்லியிருக்காங்க. சாமான் பெட்டியில போட்டா உருளும்னு, அந்த மனுஷன் கண்ணாடிக்கு முன்னால, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்துல வச்சு, மல்லிகைச் சரத்தால கட்டிக் கொண்டு வந்திருக்காரு. அவரோட பஸ்ல அதவிட மரியாதையான இடம் கெடையாது. கந்தப்பளையில இருந்து கண்டி வரைக்கும் முழு வெயில். பி.பி.ஜி. வெளிச்சத்துல அழிஞ்சு வேற பொருளா மாறிடும். இருட்டுல வச்சு அனுப்பணும்னு நான் உங்களுக்கு எழுதியிருக்கணும், எழுதல.

தெளிவாப் போன சிறுநீர், பால் போடாத பிளேன்டீ நிறத்துல வந்து சேர்ந்துச்சு. எங்க கவுண்டர்ல இரத்தம் கலந்திருக்கு, ஏத்துக்க முடியாதுன்னு குப்பையில போட்டுட்டாங்க. நான் மத்தியானம் வேலைக்கு வந்து அத எடுத்து நுணுக்குக்காட்டியில பாத்தேன். ஒரு இரத்த அணு கூட இல்ல. இரத்தம் இல்லாம, வெயில்ல நின்னு கறுத்திருக்கு. சிறுநீர் அப்படிக் கறுக்க அதிகம் காரணம் கெடையாது. ஆனா அளக்க முடியாது. அளக்காதத நான் முடிவுன்னு எழுத மாட்டேன்.

இன்னொண்ணு வேணும். இந்தத் தடவை வெளிச்சம் படாம சுத்தித் தாங்க, நானே வந்து வாங்கிக்கிறேன்.

அம்மா இப்ப திரும்ப நேத்திக்கடன் வச்சிருக்காங்க. ஏற்கெனவே தங்கச்சி கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பச்சத்தண்ணியோட இருந்தா. அது முடிஞ்ச கையோடதான் அங்க வந்து படுத்திருக்கா. குணமாகி வந்ததும் இன்னும் அஞ்சு வெள்ளிக்கிழமை பட்டினி இருக்கணுமாம். இதெல்லாம் எழுதி உங்க நேரத்த வீணாக்க விரும்பல, வைத்தியத்துக்கு உபயோகமில்லாத சங்கதி. எங்க வீட்டுல யாரோட நான் பேசிக்கிட்டு இருக்கேன்னு உங்களுக்குத் தெரியணும், அவ்வளவுதான்.

நிரஞ்சன்


2024 நவம்பர் 14

தம்பி,

உங்கள் கடிதத்தில் எனக்கு உபயோகமாக இருந்தது, நீங்கள் உபயோகமில்லை என்று எழுதிய பகுதி.

இன்று தேர்தல். வார்ட்டில் ஆள் குறைவு, வேலையும் குறைவு. பதிவறையைத் திறக்கச் சொல்லி ஜெயந்தினியின் பழைய கட்டில் துண்டுகளை எடுத்தேன். போன வருஷம் கந்த சஷ்டி முடிந்த மறுநாள் வந்திருக்கிறாள். தைப்பூசம் முடிந்து வந்திருக்கிறாள். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குத் தீமிதிக்க விரதமிருந்து, மிதிக்காமலே இங்கே வந்திருக்கிறாள். மற்ற தடவைகளைப் பற்றி உங்கள் அம்மாவிடம் கேட்டேன். கட்டில் ஓரமாக உட்கார்ந்து மறுபடி கேட்டபோது சொன்னார்: “நேத்திய வெளிய சொன்னா பலிக்காதுங்க டொக்டரம்மா. அதுலயும் நீங்க மாதா கோயில் ஆளு.”

பிறகு சொன்னார். வலி வந்தால் நேர்த்தி வைப்பார்கள். குணமானதும் நேர்த்திக்கு விரதம். விரதம் இருந்தால் மறுபடி வலி. இதை எந்த டொக்டரிடமும் சொல்லவில்லை, எந்த டொக்டரும் கேட்கவும் இல்லை. சிங்கள டொக்டர்மார் மொழிபெயர்க்க ஆள் தேடினார்கள். நான் தமிழ் பேசுகிறவள். நான் கேட்டது வலி எங்கே, எப்போது, எப்படி. ‘இந்த வாரம் எத்தனை நாள் சாப்பிடவில்லை’ என்று கேட்கவில்லை.

சாப்பிடாமல் இருந்தால் ஈரல் அந்தச் சரக்கை இன்னும் வேகமாகச் செய்யும். இன்று காலை புத்தகத்தைத் திறந்து பார்த்தேன், அதே கால் மணி நேர விரிவுரையில் இருந்திருக்கிறது. அவள் கோயிலுக்காகப் பட்டினி கிடந்தாள். இங்கே வந்ததும் வாந்திக்காக நாங்களும் பட்டினி போட்டோம். மூன்றாம் நாள் சாப்பிட விட்டதும் தேறினாள். மருந்து வேலை செய்தது என்று எழுதி அனுப்பினோம். ஆறு தடவை.

நேற்றுப் பெரிய டொக்டரிடம் சந்தேகத்தைச் சொல்லியிருந்தேன். இன்று போனில் இந்தக் கணக்கையும் சொன்னேன். முப்பது வருஷத்தில் தான் ஒரு போர்பிரியா கூடப் பார்த்ததில்லை என்றார். வந்ததே இல்லையா, வந்தும் பார்க்கவில்லையா என்று நான் கேட்கவில்லை, அவரிடம் இன்னும் இரண்டு வருஷம் வேலை செய்ய வேண்டும். கடைசியில், “குளுக்கோஸ்தானே, போடு” என்றார். போட்டுவிட்டேன். கட்டிலில் தொங்கிய அட்டையையும் கழற்றிவிட்டேன்.

புதிதாக எடுத்த போத்தலை எக்ஸ்ரே அறையில் கிடைத்த கறுப்புத் தாளில் சுற்றி, மேலே பிளாஸ்டர் ஒட்டி வைத்திருக்கிறேன். நீங்கள் வாக்குப் போட ஊருக்கு வந்திருப்பதாக அம்மா சொன்னார், மூன்று மணிக்கு வாசல் கேட்டுக்கு வாருங்கள். உள்ளே வர வேண்டாம், அந்த மிஸ்ஸிதான் இன்றைக்கும்.

கை தூக்கவும் கஷ்டப்படுகிறாள். அதை உங்களிடம் நேரில் சொல்ல விரும்பவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

யூஜினா


2024 நவம்பர் 20

டொக்டர்,

முடிவு. கரைசல விட்டதும் குழாய், குங்குமத்தக் கரைச்ச மாதிரி சிவந்துச்சு. கொழும்புக்கும் அனுப்பி அளந்தாச்சு, இருக்க வேண்டியதப் போல நாப்பது மடங்கு. போர்பிரியாதான். துண்டோட பிரதிய இணைச்சிருக்கேன்.

ரெண்டு நாள் பிந்திட்டோம். திங்கக்கிழமை மூச்சு இழுக்க முடியாம அவளக் கண்டிக்கு மாத்தி மெஷின்ல போட்டது உங்களுக்கே தெரியும், அம்புலன்ஸ்ல நீங்கதான் கூட வந்தீங்க. இதுக்குன்னே உள்ள ஊசிய வெளிநாட்டுல இருந்து எடுப்பிக்கணுமாம். வர எத்தனை வாரம் ஆகும்னு யாருக்கும் தெரியல. அது வரைக்கும் குளுக்கோஸ்தான். கடையில குடுக்கிற சீனி. ரெண்டரை வருஷமா அவளுக்கு வேண்டியிருந்தது சீனி.

அம்புலன்ஸ்ல நீங்க சொன்னீங்க, இத எல்லா டொக்டர்மாருக்கும் சொல்லிக் குடுக்கணும்னு. அதுக்குப் பதில இப்ப சொல்றேன். உங்களுக்கெல்லாம் ஒருக்கா சொல்லிக் குடுத்தாச்சு, புள்ளியும் குடுத்தாச்சு. இன்னொருக்கா சொல்லிக் குடுத்தா இன்னொருக்கா மறப்பீங்க. கருத்தரங்குன்னா மத்தியானச் சாப்பாடும் ஒரு பையும்.

ஏழு துண்டையும் படம் எடுத்து, கையெழுத்துப் போட்ட டொக்டர்மார் பேரோட முகநூல்ல போடப் போறேன். ஞாயித்துக்கிழமை. உங்க பேரும் அதுல ரெண்டு தடவை இருக்கு. முன்கூட்டியே சொல்றது மரியாதைக்கு.

நிரஞ்சன்


2024 நவம்பர் 22

தம்பி,

போடுங்கள். என் பேர் இரண்டு தடவை இல்லை, மூன்று. நான்காவது துண்டில் உள்ள கிறுக்கல் என்னுடையதுதான்.

பிறகு நடக்கப் போவதையும் சொல்லிவிடுகிறேன். நாலாயிரம் பேர் பார்ப்பார்கள். எங்களில் ஒருவருக்கு இடமாற்றம் வரும். அடுத்த மாதம் ஒரு பிள்ளை வயிற்று வலியோடு வரும்போது, வார்ட்டில் இருக்கும் டொக்டருக்கு உங்கள் பதிவு ஞாபகம் வரும், போர்பிரியா ஞாபகம் வராது. பயந்த டொக்டர் கேள்வி கேட்க மாட்டார். துண்டில் குறைவாக எழுதுவார், கண்டிக்கு அனுப்பிவிட்டுக் கையைக் கழுவுவார். அங்கேயும் ஒரு பயந்த டொக்டர் இருப்பார்.

பெப்ரவரி 16ஆம் தேதி எங்கள் கூட்ட அறையில் டொக்டர்மாரையும் தோட்டத்து டிஸ்பென்சரிக்காரர்களையும் கூப்பிடுகிறேன். ஆட்கள் முதலில் போகிற இடம் டிஸ்பென்சரிதான், அவர்களை இதுவரை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. பை கிடையாது. சாப்பாடும் பாண், பருப்புத்தான். உங்களுக்கு இருபது நிமிஷம்.

யூஜினா


2025 ஜனவரி 12

டொக்டர்,

நான் அதப் போடல. அழிக்கவும் இல்ல, போன்ல இருக்கு.

அந்த ஞாயித்துக்கிழமை அவ மெஷின்ல இருந்தா, எதையும் செய்ய மனசு வரல. டிசம்பர் கடைசியில மெஷின எடுத்தாங்க. பேச்சு காத்தாத்தான் வருது, காத வாய்க்கிட்ட வைக்கணும். எழுதி வச்சிருந்தத அவளுக்குக் காட்டினேன். கண்ணால வாசிச்சா, நான் விரலால தள்ளித் தள்ளிக் காட்டினேன். வாசிச்சு முடிச்சுட்டு, “என் பேரையும் போட்டிருக்கியாண்ணே?” ன்னா. ஆமான்னேன்.

“அப்ப எல்லாரும் என்னையத்தான் பாக்க வருவாங்க. அடுத்த புள்ளைய யாரு பாப்பா?”

உங்க கடிதத்த நான் அவளுக்குக் காட்டல. ரெண்டு பேரும் பேசி வச்சீங்களான்னு கேட்டேன். அதுக்கு அவ, மூணு நாலு வார்த்தையா இழுத்து இழுத்து, என் தலைமயிர ஒழுங்கா வெட்டிக்கிட்டு கூட்டத்துக்குப் போகச் சொன்னா. சிரிச்சான்னு நெனைக்கிறேன். முகத்துல இன்னும் பாதிதான் அசையுது.

விரல் மடங்குது. தோள் தூக்க முடியல. நரம்பு திரும்பி வளர மாசக்கணக்கா எடுக்கும், ஒரு வருஷமும் ஆகலாம், முழுசா வராமலும் போகலாம்னு சொல்றாங்க. கொழுந்து எடுக்கிற பேச்சு இப்போதைக்கு இல்ல.

பதினாறாம் தேதி வாறேன். திரையில காட்ட அறுபத்தி நாலு படம் வச்சிருக்கேன். இருபது நிமிஷம் பத்தாது.

நிரஞ்சன்


2025 பெப்ரவரி 18

தம்பி,

நீங்கள் வெளியேறிய பிறகு நடந்ததை எழுதுகிறேன்.

பதினொன்றாவது படம் வரைக்கும் வந்தீர்கள். எல்லாம் ஈரலுக்குள்ளே நடக்கிற வேதியியல். “உங்கள்ல எத்தன பேரு இத எழுதிப் பாஸாகி மறந்தீங்க, கையத் தூக்குங்க” என்றீர்கள். பெரிய டொக்டர், “நீங்க எந்தப் பீடம் தம்பி?” என்றார், இரண்டு பேர் சிரித்தார்கள், நீங்கள் வயரைப் பிடுங்கிக்கொண்டு போனீர்கள். உங்கள் கேள்வி தவறில்லை. ஆனால் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்க வேண்டும். பெரிய டொக்டர் கையைத் தூக்கியிருந்தார். நீங்கள் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டீர்கள்.

திரை வெறுமையாக இருந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. வியாதியின் பேரையே விட்டுவிட்டேன். ஜெயந்தினி ஏழு தடவை வந்த கதையைச் சொன்னேன், என் மூன்று கையெழுத்தையும் சேர்த்து. பிறகு மூன்று கேள்வி. வலியில் துடிக்கிற ஆளின் வயிறு தொட்டால் மெத்தென்று இருக்கிறதா? விரதத்துக்குப் பிறகா, மாதவிலக்குக்கு முன்னாலா வருகிறது? சிறுநீரை ஜன்னல் ஓரத்தில் வைத்தால் கறுக்கிறதா? மூன்றாவதுக்கு ஒரு இளம் டொக்டர், வார்ட் ஜன்னலில் அதை வைத்தால் மிஸ்ஸி தன்னைக் கொன்றுவிடுவார் என்றார். மிஸ்ஸி பின்வரிசையில்தான் இருந்தார். பிளாஸ்டர் ஒட்டிப் பேர் எழுதி வைத்தால் கொல்ல மாட்டேன் என்றார்.

கடைசியில் வலப்பனைப் பக்கத்துத் தோட்டத்து டிஸ்பென்சரி அந்தோனிமுத்து ஐயா எழுந்தார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாத மனிதர், கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவருடைய தோட்டத்தில் வீரம்மா என்று ஒரு பெண், தைப்பூசத்துக்கு விரதமிருந்தவள், வயிற்று வலியென்று நான்கு தடவை வந்துவிட்டாளாம். நான்கு தடவையும் கரைத்துக் குடிக்கிற மருந்து கொடுத்துத் துண்டு எழுதி அனுப்பியிருக்கிறார். “நான் அவகிட்ட சாப்பாட்டப் பத்திக் கேக்கலீங்க” என்றார், பிறகு உட்கார்ந்துவிட்டார்.

வீரம்மாவின் போத்தல் இத்துடன் வருகிறது, கறுப்புத் தாள் சுற்றி, என் கையால். அவளையும் இங்கே வரச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். முடிவை மட்டும் தாளில் எழுதுங்கள், அறிவிப்புப் பலகையில் குத்த வேண்டும்.

யூஜினா


2025 மார்ச் 9

யூஜினா அக்கா,

வீரம்மாவுக்குப் போர்பிரியா இல்ல. ரெண்டு தடவை செஞ்சு பாத்தேன். கொழும்புலயும் இல்லன்னுதான் வந்துச்சு. பலகையில குத்துறதுக்குத் தனித்துண்டு வச்சிருக்கேன்.

முடிவப் பாத்து எனக்கு ஏமாற்றமா இருந்துச்சு. ஒரு மனுஷிக்கு வியாதி இல்லன்னு ஏமாந்தேன். அசிங்கம்தான், ஆனா அப்படித்தான் இருந்துச்சு. பெரிய டொக்டரு சிரிப்பாருன்னு நெனச்சேன். அடுத்த நாள்தான் நீங்க போன்ல சொன்னீங்க: விரதம் இருக்கிறப்ப அவளுக்கு வலி இல்லியாம், விரதம் முடிச்சு வடை பாயாசத்தோட சாப்பிட்ட அன்னைக்குத்தான் வந்திருக்கு. அந்தக் கதையக் கேட்டுட்டு நீங்க ஸ்கேனுக்கு அனுப்ப, பித்தப்பையில கல்லு. மே மாசம் சத்திரசிகிச்சை. நாலு துண்டுக்குப் பிறகு யாரோ ஒராள் அவகிட்ட என்ன சாப்பிட்டேன்னு கேட்டதுல ஆம்பிட்டுச்சு. வேற வியாதி, அதே கேள்வி. என் அறுபத்தி நாலு படத்துல அந்தக் கேள்வி எங்கயும் இல்ல, தேடிப் பாத்தேன்.

பெரிய டொக்டர் கையத் தூக்கினத நான் பாக்கல. பாத்திருந்தா நின்னிருப்பேனான்னும் தெரியல.

இனிச் செய்யப் போறது:

1. வீரம்மாவோட முடிவ அந்தோனிமுத்து ஐயாவுக்கு நேர்ல கொண்டு போய்க் குடுக்கிறது. இல்லன்னு வந்ததால வெக்கப்பட்டு அவரு அடுத்த ஆள அனுப்பாம விட்டுறக் கூடாது.

2. எங்க கவுண்டர்ல கறுத்து வர்ற சிறுநீர குப்பையில போடுறதுக்கு முன்னால என்னையக் கூப்பிடணும்னு எழுதி ஒட்டுறது.

3. இது பரம்பரையில வர்றது. அம்மாவுக்கும் எனக்கும் பரிசோதனை. அம்மா ஊசின்னா வர மாட்டாங்க, வேற சொல்லிக் கூட்டிட்டுப் போகணும்.

4. அஞ்சு வெள்ளிக்கிழமைப் பட்டினிக்குப் பதிலா விளக்குப் போட்டா ஏத்துக்குமான்னு பூசாரிகிட்ட கேக்கிறது. அம்மா கேட்டா வேற பதில் வரும், அதனால நான் கேக்கிறேன்.

5. மிஸ்ஸிகிட்ட மன்னிப்புக் கேக்கிறது. தாள்ல இல்ல, நேர்ல.

6. வர்ற மாசக் கூட்டத்துக்கு மூணு படத்தோட வர்றது. கேள்வி கேட்டா பதிலுக்கு நிக்கிறது.

7. ஞாயித்துக்கிழமை ஜெயந்தினிகிட்ட போறது. சோத்தப் போட்டு கரண்டிய அவ கையில குடுத்துட்டு உக்காந்திருக்கிறது. தட்டுல இருந்து வாய்க்கு வர எவ்வளவு நேரம் எடுத்தாலும் நான் கைய நீட்டுறதில்ல.

நிரஞ்சன்